புத்தகத்தில் ஏறாத பதக்கங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொறியாளரைக் கூப்பிட்டிருக்கிறோம், கம்ப்யூட்டர், வேலைவாய்ப்பு என்று ஏதாவது பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்தது பட்டாளத்துக்காரர்களின் காகிதங்களைப் பற்றி. நம் ஸ்ரீவைகுண்டம் சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகள் கொஞ்சமா? அந்த வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு டிஸ்சார்ஜ் புக் இருக்கும். அதில் பதக்கங்கள் என்று ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தை யாராவது நிதானமாகப் படித்திருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒரு பதக்கம் எப்படிப் பதிவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். சிப்பாய் ஒருவர் லீவில் போனாலும், கல்யாணம் செய்தாலும், பிள்ளை பிறந்தாலும், பதக்கத்துக்குத் தகுதி பெற்றாலும் அவருடைய யூனிட் அதை 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவாக வெளியிட வேண்டும். அது அந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய், 'ஷீட் ரோல்' என்ற பணிப் பதிவேட்டில் ஏறும். ஓய்வு பெறும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் புக் அதைப் பார்த்து எழுதப்படுவது. ஆக, நடுவில் ஒரு உத்தரவு வெளிவராமல் போனால் போதும். ஆள் போர்க்களத்தில் நின்றிருப்பார், காகிதத்தில் நின்றிருக்க மாட்டார்.

இது ஏதோ படிக்காத சிப்பாய்க்கு மட்டும் வருகிற சங்கடம் என்று நினைக்காதீர்கள். 1999 கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் 70வது காலாட்படைப் பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். அவருக்குக் கிடைத்தது விசிஷ்ட சேவா பதக்கம். தன் பங்கு போர்ப் பதிவுகளில் சரியாக எழுதப்படவில்லை என்று ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். மேலதிகாரி அவரைப் பற்றி எழுதிய மதிப்பீட்டை நீக்கவும், போர்ப் பதிவைத் திருத்தவும் தீர்ப்பாயம் 2010 மே மாதம் உத்தரவிட்டது. இடையில் 11 வருஷம்! ஒரு பிரிகேடியருக்கே இந்தப் பாடு என்றால், வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் நம் ஊர் ஹவில்தார் எங்கே போவார்?

காகிதமே அழிந்துபோனால்? அதற்கும் வழி உண்டு. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே படைவீரர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. நகல் கிடையாது. அதற்காக அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. சம்பளப் பட்டியல், மருத்துவமனைப் பதிவு என்று வேறு இடங்களில் கிடந்த காகிதங்களைச் சேர்த்து கேட்டு வந்தவர்களுடைய பணி விவரத்தை மறுபடி எழுதினார்கள். பணிப் பதிவில் உள்ள பிழையைத் திருத்தக் கேட்பதற்கென்று அங்கே தனிப் படிவமே இருக்கிறது.

நம் ஊருக்குத் தீ வரவில்லை, தண்ணீர் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏறத்தாழ 800 பயணிகளோடு திருச்செந்தூர் ரயில் நம் ஸ்டேஷனில் நின்றுபோனது. அந்த வெள்ளம் வடிந்த பிறகு, எங்கள் தெருப் பட்டாளத்துத் தாத்தா வீட்டில் நனைந்த காகிதங்களைக் காய வைக்க உதவப் போனேன். அப்போதுதான் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கைப் பக்கம் பக்கமாகப் பிரித்தேன்.

1969இல் சேர்ந்து 1986இல் வந்தவர். 1971 போரின்போது அவருடைய யூனிட் பஞ்சாப் எல்லையில் இருந்தது என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. பதக்கப் பக்கத்தில் இருந்தவை இரண்டே இரண்டு: சைன்ய சேவா பதக்கமும், 9 ஆண்டு நீண்டகாலப் பணிப் பதக்கமும்.

எனக்குக் கணக்கு உதைத்தது. 1972 ஆகஸ்ட் 15 அன்று படையில் பணியில் இருந்த எல்லோருக்கும் சுதந்திர வெள்ளி விழாப் பதக்கம் உண்டு. 1969 முதல் 1986 வரை பணியில் இருந்தவர் அந்த ஒரு நாளில் மட்டும் எங்கே போயிருப்பார்? 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரையிலான காலத்தில் பஞ்சாப் முதலிய எல்லை மாநிலங்களில் பணியாற்றியவர்களுக்கு சங்கிராம் பதக்கம். மேற்குப் போர்க்களத்தில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். ஆக மூன்று பதக்கங்கள் விடுபட்டிருக்கின்றன. இதில் ரூபாய் பைசா எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தாத்தாவிடம் சொன்னேன். "பென்சன் வருதுல்லா தம்பி, இந்த வயசுல அதை வாங்கி என்ன செய்யப் போறேன்" என்றார். உள்ளேயிருந்து ஆச்சி வந்தார்கள். "நீங்க அங்க கெடந்தீங்க. நான் இங்க தந்தி வந்துருமோன்னு வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தேன். அது எழுதியிருக்கா இல்லியான்னு நான் கேக்கேன்" என்றார்கள். தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கடையில நகல் விக்கான். நான் எப்பவோ வாங்கிக் குத்தியிருப்பேன். புக்குல ஏறாம குத்தினா அது திருட்டுல்லா?" இத்தனை வருஷமாக அந்த மனிதர் குடியரசு தின விழாவுக்கு இரண்டு பதக்கத்தோடு மட்டும் போய் வந்ததன் காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எழுதினோம். "பதிவில் இல்லை, ஆகவே தகுதியை உறுதி செய்ய இயலவில்லை" என்று பதில் வந்தது. பதிவில் இல்லை என்றுதானய்யா எழுதியதே! கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. மறுபடி எழுதினோம். இந்தத் தடவை ஒரே தாளில் அட்டவணை போட்டேன். இடப்பக்கம் பதக்கத்தின் விதி, வலப்பக்கம் அதற்குரிய தேதி, டிஸ்சார்ஜ் புக்கில் அது எந்தப் பக்கம் என்ற விவரம். பொறியாளனுக்கு அதுதானே தெரியும்? மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு வெள்ளி விழாப் பதக்கமும் சங்கிராம் பதக்கமும் பதிவில் ஏறியதாகக் கடிதம் வந்தது. அதை ஆச்சிதான் முதலில் வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள்.

பஸ்சிமி ஸ்டார் இன்னும் வரவில்லை. யூனிட் எந்த இடத்தில் நின்றது என்பதற்கு மேலும் ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். அவரோடு இருந்த இரண்டு பேரின் சாட்சிக் கடிதம் வாங்கலாம் என்று தேடினோம். ஒருவர் கிடைத்தார். மற்றவர் நாங்கள் தேடிப் போவதற்கு நாலு மாதம் முன்பு காலமாகியிருந்தார். இந்த வேலையில் நமக்கு எதிரி அலுவலகம் அல்ல, வயதுதான்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் புக்கை முழுவதும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அசலை யாருக்கும் தபாலில் அனுப்பாதீர்கள். படை எண், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வந்த தேதி குறித்துக்கொண்டு அந்தந்த ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கு செகந்திராபாத். ஷீட் ரோலின் நகல் வேண்டுமென்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் அவரே கையெழுத்திட்டுக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வீரர் காலமாகியிருந்தால் அவருடைய மனைவி எழுதலாம். தூத்துக்குடியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, கடிதத்தை அவர்கள் மூலமாகவும் அனுப்புங்கள். அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. மாதம் ஒரு சனிக்கிழமை, கல்லூரியில் ஒரு வகுப்பறை, நாலு மாணவர்கள், கையில் இருக்கும் செல்போன் போதும். கருங்குளம், ஆழ்வார்திருநகரி, ஏரல் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரட்டும். தேதிகளை ஒப்பிட்டு, அட்டவணை போட்டு, கடிதம் எழுதிக் கொடுப்போம். தபால் செலவை என் போன்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம். முதல் சனிக்கிழமையை இன்றைக்கே தலைவர் அறிவிக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.