பழைய ரத்தன்லாலைத் தேடுங்கோ

வன்னியில் இருந்து சட்டம் படிக்கப் புறப்பட்ட பிள்ளையளுக்குத்தான் இண்டைக்குக் கதைக்கப் போறன். புதுக்கடைச் சட்டக் கல்லூரி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறை, திறந்த பல்கலைக்கழகம், எங்கே போனாலும் முதல் வருசத்திலேயே எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: குற்றவியல் சட்டத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கொழும்பில் இருக்கிற பிள்ளைக்குத் தகப்பனோ மாமனோ வைத்த அலுமாரி இருக்கும். 2009இல் யுத்தத்துக்குள்ளே இருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பத்தில் அலுமாரிக்கு எங்கே போறது? காசு போட்டுத்தான் வாங்க வேணும். அதனால் தவறான புத்தகத்தில் காசைக் கொட்டாமல் இருக்கிறதுதான் முதல் வேலை.

முதலில் வாங்க வேண்டியது பாடநூல் இல்லை, சட்டக்கோவை. 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை, 1885 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப் பிரதி ஒன்று, ஆங்கிலப் பிரதி ஒன்று, இரண்டும் வேணும். கையில் எடுத்தவுடனே அட்டையைப் பார்க்காதேங்கோ, 75ஆம் பிரிவைப் பாருங்கோ. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமில்லை என்று இருந்தால் அது 2018க்கு முந்தின பிரதி. அந்த வருசத்து 10ஆம் இலக்கச் சட்டம் அந்த வயதைப் பன்னிரண்டாக்கி விட்டது. தண்டனைகளுக்குள்ளே கசையடியும் கிடந்தால் இன்னும் பழசு, 2005லேயே அதை எடுத்தாச்சு. பாலியல் குற்றங்களின் பிரிவுகளை 1995இன் 22ஆம் இலக்கச் சட்டம் ஏறக்குறையப் புதிதாகவே எழுதியது, அது உள்ளே இருக்கோ என்றும் பாருங்கோ. இந்த மூன்று இடத்தையும் கடைக்குள்ளே நின்றே பார்த்துவிடலாம். ஐந்து நிமிசம் காணும்.

அடுத்தது பாடநூல். பேராசிரியர் ஜீ. எல். பீரிஸ் எழுதிய இரண்டு ஆங்கில நூல்கள் இருக்கு. 1972இல் வந்தது குற்றப் பொறுப்பின் பொதுத் தத்துவங்கள் பற்றியது, அதற்கடுத்த வருசம் வந்தது ஒவ்வொரு குற்றத்தையும் தனித்தனியாக எடுத்துப் பேசுகிறது. ஓம், தொலைக்காட்சியில் அரசியல் பேசுகிற அதே பீரிஸ்தான். அரசியலை விடுங்கோ, புத்தகம் நல்லது. எங்கள் நீதிமன்றங்களின் தீர்ப்புகளையும் இந்திய, ஆங்கிலத் தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கே விலகுகிறது என்று சொல்லுவார். பொதுத் தத்துவங்களுக்கு இண்டைக்கும் அதைத்தான் சொல்லுவன். பாலியல் குற்றங்களுக்கு மட்டும் இரண்டாவது நூலை நம்பி எழுதாதேங்கோ. 1995க்கு இருபது வருசத்துக்கு மேல் முந்தின எழுத்து அது.

இனி இந்தியப் புத்தகம். இங்கேதான் பிள்ளையள் கூட மாட்டுப்படுறது. எங்கள் கோவை, மெக்கோலே வரைந்து 1860இல் நிறைவேறின இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதினது. அதனால் ரத்தன்லால் - தீரஜ்லால் மாதிரி இந்திய உரைநூல் எங்களுக்கும் உதவும், இலக்கங்களை மாற்றிப் படித்தால். அங்கே கொலைக்குத் தண்டனை 302, எங்களுக்கு 296. பொது எண்ணம் அங்கே 34, இங்கே 32. தமிழ்ப்படம் பார்த்துப் பார்த்து 302 என்று விடைத்தாளில் எழுதுகிற பிள்ளையள் இருக்கினம். திருத்துகிறவர் சிரிப்பார், புள்ளி போடமாட்டார்.

2024 ஜூலை 1இலிருந்து இந்தியாவில் அந்தச் சட்டமே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா வந்து இலக்கமெல்லாம் மாறிப்போச்சு, கொலைக்குத் தண்டனை இப்ப 103. சென்னைக்குப் போய்வருகிற ஆரிடமாவது "புதுப் பதிப்பு வாங்கி வாங்கோ" என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு உதவாத புத்தகம்தான் வரும். 2023க்கு முந்தின பழைய பதிப்பைத் தேடுங்கோ. எங்கள் கோவைக்குச் சொந்தக்காரன் அந்தப் பழையதுதான். விலையும் குறைவு. அதிலும் 304பி வரதட்சணை மரணம், 497 பிறன்மனைக் குற்றம் என்று வருகிற பக்கங்களைத் தாண்டிப் போங்கோ, அவை எங்கள் கோவையில் இல்லை.

ஆங்கிலேயரின் ஸ்மித் அண்ட் ஹோகன் நல்ல புத்தகம். முதல் வருசத்தில் தொடாதேங்கோ. ஏனென்று ஒரு உதாரணம் சொல்லுறன்: ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனின் சைக்கிளைக் கேளாமல் எடுத்துக்கொண்டு பரந்தன் வரை போகிறான், பின்னேரம் கொண்டுவந்து விடுகிற எண்ணம். ஆங்கிலேயரின் 1968 திருட்டுச் சட்டம், நிரந்தரமாகப் பறிக்கிற எண்ணம் இருந்ததா என்று கேட்கும். எங்கள் 366 அதைக் கேட்காது. சம்மதமில்லாமல், நேர்மையீனமான எண்ணத்தோடு அசையும் பொருளை நகர்த்தினானா என்றுதான் பார்க்கும். ஆகவே இங்கே விவாதம் நேர்மையீனத்தைச் சுற்றித்தான் நடக்கும். கோவை மனதில் ஊறமுதல் ஆங்கிலப் புத்தகம் படித்தவர் இந்தக் கேள்வியில் விழுவார்.

ஒரு புத்தகம் நல்லதோ என்று சோதிக்க நான் திறக்கிற அத்தியாயம் பொது எண்ணம். காணி வரம்புச் சண்டை எங்கள் பக்கம் புதுசில்லை. நாலு சகோதரங்கள் போகினம், ஒருவன் மண்வெட்டியால் அடிக்கிறான், ஆள் செத்துப்போகுது. மற்ற மூன்று பேரும்? 1925இல் பரேந்திர குமார் கோஷ் வழக்கில், வங்காளத்துத் தபாலதிபர் சுடப்பட்ட நேரம் வெளி முற்றத்தில்தான் நின்றேன் என்ற ஆளையும் அப்போதைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் விடவில்லை. இருபது வருசத்துக்குப் பிறகு, சிந்து நதிக்கரையில் நாணல் வெட்டப் போன சண்டையில் ஒருவர் சுடப்பட்ட மஹ்பூப் ஷா வழக்கில், அதே பிரிவி கவுன்சில் ஒருவரை விடுவித்தது. இரண்டு பேருக்கு ஒரே மாதிரி எண்ணம் இருப்பது வேறு, முன்கூட்டிச் சேர்ந்து ஒரு எண்ணம் கொள்வது வேறு என்றது. முதல் வழக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடுங்கோ. இரண்டையும் சொல்லி, எங்கள் 1948ஆம் ஆண்டு அசப்பு வழக்கையும் எடுத்து, சகோதரங்கள் ஐந்து பேராக இருந்தால் 138இன் சட்டவிரோதக் கூட்டம் எப்படி உள்ளே வருகுது என்றும் காட்டுகிற புத்தகத்துக்குக் காசு கொடுக்கலாம்.

சில வீடுகளில் இன்னொரு சட்டப்புத்தகமும் இருக்கக்கூடும். விடுதலைப் புலிகள் 1994இல் தங்களுக்கென்று ஒரு தண்டனைச் சட்டம் ஆக்கினவை. நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரியும் அவர்கள் நடத்தினதை மூத்தவர்கள் சொல்லுவினம். வரலாறு ஆராய்கிறவருக்கு அது ஆவணம். சோதனைக்கு அதில் இருந்து ஒரு வரியும் எழுதாதேங்கோ.

மொழிக்கு வாறன். சட்டக் கல்லூரிப் பரீட்சை ஆங்கிலத்தில் மட்டும் என்ற விதி 2023இல் நாடாளுமன்றத்தில் தோற்றுப்போச்சு. தமிழில் எழுதலாம். ஆனால் பழைய தீர்ப்புகள் கிடக்கிற நியூ லோ ரிப்போர்ட்ஸ் முழுக்க ஆங்கிலம். அதனால் தமிழ் நோட்ஸ் போட்டோகொப்பியை மட்டும் நம்பினால் அந்தத் தீர்ப்பை எழுதின நீதியரசரை நீங்கள் சந்திக்கவே மாட்டீர்கள். அந்த அறிக்கைகளில் நிறைய இணையத்தில் இலவசமாகக் கிடக்கு, போனிலேயே வாசிக்கலாம். கிழமைக்கு ஒரு தீர்ப்பு வாசித்து, என்ன நடந்தது, என்ன முடிவு என்று தமிழில் அரைப்பக்கம் எழுதிவையுங்கோ.

ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கு என்றால் கோவை. இரண்டுக்கு இருந்தால் கோவையும் பீரிஸின் முதல் நூலும். பீரிஸ் இப்ப கடையில் சுலபமாகக் கிடைக்காது. படிக்கிற இடத்து நூலகத்தில் கேளுங்கோ, ஊரில் இருக்கிற மூத்த சட்டத்தரணியிடமும் கூச்சப்படாமல் கேளுங்கோ. இரவல் கொடுத்தால் அட்டை போட்டு, சொன்ன திகதிக்குத் திருப்பிக் கொடுங்கோ. அடுத்த பிள்ளைக்கும் அவர் கொடுக்க வேணுமெல்லோ.