காற்றேறும் மலையைத் தேடி



சிறகை அசையாது விரித்தபடி மலைச்சரிவின் முன்னே நெடுநேரம் நிற்கும் பருந்தைக் காணாதவர் அரியர். அதைத் தாங்கி நிற்பது சிறகின் வலிமை மாத்திரமன்று. மலையில் மோதி மேலெழுகின்ற காற்றுமாகும். இயந்திரமில்லா விமானமாகிய கிளைடரும் இதே காற்றை நம்பியே மலையோரம் பறக்கின்றது. ஆனால், பருந்து இயல்பறிவாற் கண்டுகொள்ளும் இடத்தை மனிதன் தேடிக் கற்கவேண்டியவனாயிருக்கின்றான். அத்தேடலிலே அவன் கற்றவை யாவை என்பதே இப்பேச்சின் பொருள்.

கிளைடர் தன்னைச் சூழ்ந்த காற்றினூடே எப்பொழுதும் கீழ்நோக்கியே சறுக்குகின்றது. அது விநாடிக்கு ஒரு மீற்றர் வீதம் இறங்குகின்றது என வைத்துக்கொள்வோம். நான்கடி முன்செல்ல ஓரடி உயரும் ஒரு சரிவில், விநாடிக்கு எட்டு மீற்றர் வேகமுள்ள காற்று நேராக வந்து மோதுமாயின், அக்காற்று விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு மீற்றர் வீதம் மேலேறும். இறக்கம் ஒன்று, ஏற்றம் இரண்டு. எஞ்சிய ஒன்றே விமானிக்குக் கிடைக்கும் ஊதியம். காற்று பாதியாகக் குறைந்தால் அந்த ஊதியம் அற்றுப்போகும். நல்ல இடத்தைத் தேடுதல் என்பது இக்கணக்கை மண்ணிலே தேடுவதேயன்றி வேறன்று.

உயர்ந்த மலைதான் வேண்டும் என்று எண்ணுதல் தவறு. 1911ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையிலே, ஓர்வில் றைற் என்பவர் ஒரு மணற்குன்றின் முன்னே கடுங்காற்றில் ஒன்பது நிமிடமும் நாற்பத்தைந்து விநாடியும் மிதந்தார். இயந்திர விமானத்தை உலகுக்கு அளித்த சகோதரர் இருவருள் அவர் ஒருவர். அக்குன்றோ ஒரு பெரிய தென்னையைவிட அவ்வளவு உயர்ந்ததன்று. எனினும் அந்தச் சாதனை ஏறத்தாழப் பத்தாண்டுகள் முறியாது நின்றது. கடலிலிருந்து தடையின்றி வந்த காற்றும், அதை நேரே எதிர்கொண்ட சரிவுமே அதற்குக் காரணமாம்.

முதல் உலகப் போரின் பின்னர், 1919ஆம் ஆண்டின் வேர்செயில்ஸ் உடன்படிக்கை ஜேர்மனியின் விமானப் படையைத் தடைசெய்தது. இயந்திர விமானங்களைக் கட்டுவதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. பறக்கும் ஆவல் கொண்ட இளைஞர்கள் மலைகளை நாடினர். றோன் மலைப்பகுதியிலுள்ள 950 மீற்றர் உயரமான வாசர்குப்பே என்னும் மலையிலே 1920ஆம் ஆண்டில் முதற் போட்டி நடைபெற்றது. மரங்கள் அடர்ந்த நாட்டில் அம்மலை பெரும்பாலும் புல்வெளியாயிருந்தது. அதன் மேற்குச் சரிவு, அங்கே மிகுதியாக வீசும் மேல்காற்றுக்குத் திறந்து கிடந்தது. 1922 ஓகஸ்ற் மாதத்தில் ஆர்தர் மார்ட்டென்ஸ் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பறந்தார். ஒரு வாரத்துக்குள் ஹென்ற்சன் என்பவர் அதே விமானத்தில் மூன்று மணி நேரத்தையும் கடந்தார். நிமிடங்களை எண்ணிய காலம் போய், மணிகளை எண்ணும் காலம் வந்தது.

அடுத்து வந்தது நீளத்தைப் பற்றிய சிந்தனை. தனிக் குன்றொன்றின் முன்னே விமானி அங்குமிங்குமாகத் திரும்பித் திரும்பிப் பறக்கலாமேயன்றி, நெடுந்தூரம் செல்லுதல் இயலாது. 1929 மே மாதத்தில் றொபேட் குரோன்ஃபெல்ட், தென்கிழக்காக நீண்டு கிடக்கும் ரொய்ற்றோபேர்க் காட்டு மலைத்தொடரின் வழியே நூறு கிலோமீற்றருக்கு மேற் பறந்தார். தென்மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு அத்தொடர் குறுக்கே நிற்கின்றது. ஆயினும் இடையிடையே அதனைக் கணவாய்கள் பிளக்கின்றன. கணவாயில் மேலேறும் காற்று இல்லை. ஆதலால், போதிய உயரத்தை முன்னரே சேர்த்துக்கொள்ளாதவன் மறுபுறத்தை அடையான். வடகிழக்கும் தென்மேற்குமாக நீளும் அமெரிக்க அப்பலாச்சிய மலைத்தொடர் வடமேல் காற்றை எதிர்கொள்கின்றது. அதன் வழியே 1977ஆம் ஆண்டில் கார்ல் ஸ்ற்றீடெக் சென்று திரும்பிய தூரம் ஆயிரம் மைலுக்கு மேற்பட்டது.

ஆகவே, இடந்தேடுபவன் முதலிலே தேசப்படத்தை விரிக்கின்றான். காற்று எத்திசையிலிருந்து மிகுதியாக வீசுகின்றதோ, அதற்குக் குறுக்காகக் கிடக்கும் தொடரைத் தெரிந்தெடுக்கின்றான். பின்னர் காற்று வரும் வழியைப் பார்க்கின்றான். முன்னே வேறொரு மலை நின்றால், காற்று குழம்பி வரும். செங்குத்தான பாறைமுகத்தின் அடியிலும் விளிம்பிலும் காற்று சுழலும். ஒழுங்காக உயரும் சரிவே மேலானது. குடைவுகள் நிறைந்த முகத்தைவிட நேரான முகம் நன்று. இவற்றையெல்லாம் கண்டபின்னர் அவன் மலையடிவாரத்தைப் பார்க்கின்றான். காற்று ஓய்ந்தாற் சென்று இறங்குவதற்கு அங்கே ஒரு வெளி உண்டா? வேலியும் கம்பியும் பயிரும் எவ்வாறுள்ளன? இக்கேள்விக்கு விடை இல்லாத மலை எத்துணை அழகியதாயினும் விலக்கத்தக்கது.

இனி, உயிரோடு தொடர்புடைய செய்தி ஒன்றுண்டு. மலையின் ஒரு பக்கத்தில் ஏறிய காற்று மறுபக்கத்தில் இறங்குகின்றது. காற்றொதுக்குப் பக்கமாகிய அங்கே அது விமானத்தைக் கீழே அழுத்துவதோடு, உருண்டு புரண்டு அலைக்கழிக்கவும் செய்யும். முகட்டைத் தாண்டிப் பின்னே ஒதுங்கிய விமானி மீண்டும் முன்னே வருவது அரிது. ஆதலினாலேதான், சரிவோரம் பறப்பவர் ஒவ்வொரு திருப்பத்தையும் மலைக்கு எதிர்ப்புறமாக, காற்று வரும் திசையை நோக்கியே எடுக்கவேண்டும் என்பது மாறாத விதியாயிற்று. மலையை நோக்கித் திரும்புபவனைப் பின்னின்று வீசும் காற்று பாறையிலே கொண்டுபோய் மோதிவிடும்.

காற்றின் திசை மாறினால் மலையின் குணமும் மாறும். சோளகம் என்றும் வாடை என்றும் திசையறிந்து காற்றுக்குப் பெயரிட்ட மக்களுக்கு இதை விரித்துரைத்தல் வேண்டா. சோளகத்தில் ஏற்றந்தரும் சரிவு, வாடையில் இறக்கந்தரும் சரிவாகும். நல்ல மலை என்று தனியே ஒன்றில்லை. இன்ன காற்றுக்கு இன்ன மலை என்பதே உண்மை. அதனாலன்றோ அனுபவம் மிக்க விமானி, புதிய மலையொன்றுக்குச் சென்றதும் உடனே பறக்க முற்படுவதில்லை! அங்கே நெடுநாட் பறந்தவரை வினவுகின்றான். முகட்டிலே நடந்து முகத்திற் படும் காற்றை உணர்கின்றான். புல் சாயும் திசையையும், பருந்து எங்கே ஏறுகின்றது, எங்கே சிறகடிக்கின்றது என்பதையும் நோக்குகின்றான். அவற்றையெல்லாம் அறிந்த பின்னரே விமானத்தைக் கொண்டுவரச் சொல்கின்றான்.