பூசலார் கட்டிய கோயில்

காஞ்சியில் பல்லவ மன்னன் பெருங்கோயில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டான். முதல் நாள் இரவு கனவில் சிவபெருமான் வந்து, "நாளை நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறோம், உன் நாளை மாற்றிக்கொள்" என்றாராம்.

மன்னன் திருநின்றவூருக்கு விரைந்தான். கோயில் எங்கே என்று கேட்டால் ஊரார் விழித்தார்கள். அப்படியொரு கோயிலே அங்கு இல்லை!

பூசலார் ஏழை அந்தணர். கோயில் கட்ட ஆசைப்பட்டுப் பொருள் தேடி அலைந்தார், எதுவும் கிடைக்கவில்லை. மனம் தளராமல் மனத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கினார். நிதி சேர்த்தார், தச்சர்களை அழைத்தார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். இரவிலும் உறங்காமல் சிகரம் எழுப்பி, சுதை வேலை முடித்து, கிணறும் குளமும் மதிலும் அமைத்து, குடமுழுக்குக்கு மன்னன் குறித்த அதே நாளைக் குறித்தார். நினைப்புதானே என்று ஒரு வேலையையும் அவர் விட்டுவிடவில்லை. கதையின் உயிரே அதுதான்.

விவரம் அறிந்த மன்னன் அவர் காலில் விழுந்தான். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைப் பெரியபுராணத்தில் பாடினார். அந்தக் காஞ்சிக் கோயில், பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டில் கட்டிய கைலாசநாதர் கோயில்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பூசலாரின் ஊர் சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிறது. அவருடைய மனக்கோயிலின் நினைவாக அங்குள்ள இருதயாலீசுவரர் கோயிலுக்கு இன்று இதய நோயாளிகள் வேண்டிக்கொண்டு வருகிறார்கள்.