மருந்தன்று, நஞ்சு

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கூட்டத்திற்கு வரும் வழியில், வரப்பில் நின்ற ஒருவரிடம், "என்ன வேலை நடக்கிறது?" என்று வினவினேன். "களைக்கு மருந்தடிக்கிறோம், ஐயா" என்றார். முதுகிலே கைத்தெளிப்பான். காலிலே செருப்பில்லை, வாயை மூடிக் கட்ட ஒரு துண்டுமில்லை. நான் பேச எண்ணி வந்த பொருள் வேறு. அவர் சொன்ன அந்த ஒரு சொல் என்னை இப்பொருளுக்குத் திருப்பிவிட்டது.

நோய் தீர்ப்பது மருந்து; உயிர் காப்பது மருந்து. கொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஒன்றை நாம் மருந்து என்கிறோம். நஞ்சென்று நினைப்பவள் அதனை அடுப்பங்கரை மூலையில் வைப்பாளா? நஞ்சென்று நினைப்பவன் வெறுங்கையால் கலக்குவானா? சொல் பிழைத்தவிடத்துச் செயலும் பிழைக்கிறது.

களைக்கொல்லிகள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் பாராகுவாட். இதன் களைகொல்லும் ஆற்றலை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. குழுமத்தார் 1955-இல் கண்டறிந்தனர். 1962-இல் 'கிராமக்சோன்' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தனர். பச்சை இலை கதிரவன் ஒளியில் உணவு சமைக்கும் இடத்தில் இந்நஞ்சு புகுந்து, அங்கு ஓடும் மின்னணுக்களைப் பறித்து உயிர்வளியிடம் சேர்க்கிறது. அவ்வுயிர்வளி வெறிகொண்டு இலையை உள்ளிருந்தே அரிக்கிறது. ஓரிரு நாளில் களை கருகிவிடும். மண்ணில் விழுந்த நஞ்சு களிமண்ணோடு ஒட்டிச் செயலற்றுப் போகும். விற்பவர் இதனைப் பெருமையாகச் சொல்வர், உண்மையுந்தான். ஆனால் மாந்தனின் நுரையீரல் களிமண்ணன்று.

உடலுக்குள் சென்ற பாராகுவாட்டை நுரையீரல் தானே குருதியிலிருந்து இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. இலையில் நடந்த அதே வினை அங்கும் நடக்கிறது. சிறுநீரகம் கெடுகிறது, நுரையீரல் நாளுக்கு நாள் நாராக இறுகுகிறது. மூச்சுத் திணறுபவனுக்கு உயிர்வளி ஊட்டுவது மருத்துவ வழக்கம். இங்கோ உயிர்வளியே இந்நஞ்சுக்குத் தீனி. ஆதலின் மருத்துவர் அதனை ஊட்டவும் தயங்குகின்றனர். இதனை முறிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஒரு வாய் உட்சென்றாலே உயிர் போகக்கூடும். பருகும் நீர்மங்களின் பழைய குப்பிகளில் ஊற்றிவைத்ததை அறியாது குடித்து மாண்டோர் பலர். அதன் பின்னரே நீலநிறமும், தீநாற்றமும், வாந்தி வருவிக்கும் பொருளும் அதிற் சேர்க்கப்பட்டன.

"நாங்கள் குடிக்கவில்லையே, தெளிக்கத்தானே செய்கிறோம்" என்பீர்கள். மலேசியத் தோட்டங்களைப் பாருங்கள். பால்மரக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் தெளிப்பு வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. அவர்களுட் பெருந்தொகையினர் நம் குருதியினரான தமிழ்ப் பெண்டிர். தெனாகனித்தா என்னும் மகளிர் அமைப்பு அவர்களைக் கேட்டறிந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டது. மூக்கிற் குருதி வடிதல், கண்ணெரிச்சல், தோற்புண், விரலுகிர் நிறம் மாறிக் கழன்று விழுதல், மூச்சுமுட்டல் என அவர்கள் பட்ட பாடு பெரிது. நல்ல தோலின் வழி இந்நஞ்சு மிகுதியாக உட்புகாது. ஆனால் கீறலும் கொப்புளமும் இல்லாத உழைப்பாளியின் தோல் எங்கே இருக்கிறது? கையுறையும் முகமூடியும் முழுவுடையும் அணிக என்று எழுதுவது எளிது. அந்த வெயிலில் அவற்றை அணிந்து நின்று பார்த்தால் தெரியும்.

அவ்வாண்டே மலேசிய அரசு இதனைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் அத்தடையைத் தளர்த்தியது. 2020 சனவரி முதல் நாளில்தான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தெளித்த கைகளுக்கு யார் விடை சொல்வார்?

இன்னொரு கேட்டையும் சொல்லவேண்டும். 2011-இல் வெளிவந்த ஆய்வொன்று, அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் இத்தகைய நஞ்சுகளைத் தெளித்தவர்களை ஆராய்ந்தது. பாராகுவாட்டைக் கையாண்டவரிடையே பார்க்கின்சன் எனப்படும் நடுக்குநோய் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருக்கக் கண்டது. இத்தொடர்புக்குப் போதிய சான்றில்லை என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் காப்பு அமைப்பு 2021-இல் கூறியதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். அறிஞர் வழக்காடட்டும். வழக்கு முடியும்வரை தெளிப்பானைச் சுமந்து நிற்பவர் அவர்களல்லர்.

சுவீடன் 1983-இல் தடுத்தது. சுவிட்சர்லாந்து 1989-இல் தடுத்தது. 2007 சூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் முறைமன்றம் இதற்குத் தரப்பட்ட இசைவை நீக்கியது. ஆயினும் இங்கிலாந்தின் அட்டர்சுபீல்டு ஆலையிலிருந்து அதன் பின்னும் பல்லாண்டுகள் இந்நஞ்சு கடல் கடந்து பிற நாடுகளுக்குச் சென்றது. தம் வயலுக்கு ஆகாதது பிறர் வயலுக்கு ஆகுமாம்! நம் அண்டை நிலமான கேரளம் 2011-இல் தடை செய்தது.

"களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுபடியாகவில்லை" என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் சொல்வது கேட்கிறது. பொய்யில்லை, ஐயா. களைக்கொட்டோடு இறங்கும் கைகள் குறைந்துவிட்டன. ஆனால் தென்கொரியாவைப் பாருங்கள். 2012-இல் அங்கே பாராகுவாட்டின் விற்பனை நின்றது. நஞ்சுண்டு இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. நெல்வயலுக்கு உருளைக் களையெடுப்பான் உண்டு. வரிசை நடவு செய்தால் ஒருவரே தள்ளிக்கொண்டு போகலாம். தோட்டத்திற்கு மூடாக்கு உண்டு. இவற்றை வாடகைக்குத் தரும் நிலையம் ஊர்தோறும் வேண்டுமென்று ஊராட்சியில் கேளுங்கள். நான் எழுதிக் கொடுக்கிறேன். கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

இப்போதைக்கு, வீட்டில் இருக்கும் குப்பியை எடுத்துப் பாருங்கள். அரசு விதிப்படி அதன்மேல் நிறம் காட்டும் குறி இருக்கும். சிவப்பும் மஞ்சளும் கொடிய நஞ்சின் அடையாளம். அதன்மேல் 'நஞ்சு' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளுக்கும் அதே சொல்லைச் சொல்லிக்கொடுங்கள். முதுகிற் புண்ணுள்ளவர் தெளிப்பானைத் தூக்கவேண்டா.

திரும்பும் வழியில் அவ்வரப்பு நண்பரை மீண்டும் காண்பேன். அவர் தெளிப்பானின் மூடியோரம் கசிந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதனை இறக்கிவைத்துக் குளித்துவிட்டு வரும்படி அவரிடம் சொல்லவேண்டும். விடை தாருங்கள்.