நியூயார்க் நகரத்து விருந்தோம்பல் இல்லம்

(யூபிலி ஆண்டை முன்னிட்டு நம் பங்கு வின்சென்ட் தே பவுல் சபையார் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கோபுரத்துக்கு வெள்ளையடிப்பதும், கொடிமரத்தைப் புதுப்பிப்பதும், அசனமும்தான் நமக்கு நினைவு வருகின்றன. அவை வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போன மாதக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "சாமி, ஆயர் வருகிற அன்று கெபி ஓரத்தில் படுத்துக் கிடப்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும்" என்றார். நல்ல மனிதர், மழையானாலும் வெயிலானாலும் வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி சேர்த்து வருகிறவர். அன்று அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்லலாமென்று வந்திருக்கிறேன். அதற்குக் கொஞ்சம் தொலைவு போகவேண்டும்.

1932-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஆலைகள் மூடிக் கிடந்தன. பெரிய பெரிய பட்டணங்களில் ரொட்டித் துண்டுக்காக ஆண்பிள்ளைகள் வரிசையில் நின்ற காலம். டாரதி டே என்ற பெண்மணி அப்போது பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்துவந்தார். இளமையில் பொதுவுடைமைக்காரர்களோடு பழகியவர். ஒரு குழந்தைக்குத் தாய். 1927 டிசம்பரில் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கரானார். ஏழைகளுக்காகத் தம் பழைய தோழர்கள் தெருவில் இறங்குகிறார்களே, கத்தோலிக்கர் எங்கே என்ற கேள்வி அவரை வாட்டியது. வாஷிங்டனில் பட்டினி ஊர்வலத்தைப் பார்த்து எழுதப் போனவர், டிசம்பர் 8, அமல உற்பவத் திருநாளன்று அங்குள்ள மாதா கோவிலில் முழங்காலிட்டுத் தமக்கொரு வழிகாட்டும்படி அழுதார். நியூயார்க் திரும்பியதும், பீட்டர் மோரின் என்ற பிரெஞ்சு நாட்டுக் குடியானவர் கசங்கிய கோட்டுடன் அவரைத் தேடி வந்தார்.

1933 மே முதல் நாள் இருவரும் 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். முதல் இதழ் 2,500 பிரதி. விலை ஒரு சென்ட். ஒவ்வொரு பங்கிலும் வீடற்றவருக்கு ஒரு விருந்தோம்பல் இல்லம் வேண்டும், ஒவ்வொரு கிறிஸ்தவன் வீட்டிலும் கிறிஸ்துவுக்கென ஓர் அறை வேண்டும் என்பது பீட்டரின் போதனை. படித்தவர்கள், எழுதியாயிற்றே என்று விட்டிருப்பார்கள். இடமில்லாதவர்களோ வந்து கதவைத் தட்டினார்கள்: நீங்கள்தானே எழுதினீர்கள், இடம் எங்கே? வாடகைக்கு ஓர் இடம் பிடித்தார்கள். காப்பியும் ரொட்டியும் சூப்பும் கொடுத்தார்கள். வந்தவர்களுக்கு 'விருந்தினர்' என்றே பெயர். எத்தனை நாள் தங்கலாம் என்று கேட்டால், சாகும்வரை தங்கலாம், செத்தால் நாங்களே அடக்கம் செய்வோம் என்பது டாரதியின் பதில். 1949-இல் பீட்டர் மோரின் இறந்தபோது அவரை உடுத்தி அடக்கம் செய்ததும் யாரோ தானமாகக் கொடுத்த உடையில்தான்.

எல்லாம் இனிமையாக இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். குடிகாரர், சித்தம் கலங்கியவர், நன்றி கெட்டவர் எல்லாரும் அங்கே உண்டு. நாற்றமும் சண்டையும் மூட்டைப்பூச்சியும் உண்டு. 1956-இல், வீட்டுக்குத் தீப்பாதுகாப்புப் போதாது என்று 250 டாலர் அபராதம் விதித்தார்கள். டாரதி அம்மையார் கோர்ட்டுக்குப் புறப்பட்டபோது, பழந்துணிக்காக வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து அலங்கோலமான ஒருவர் ஒரு தாளைக் கையில் திணித்து, இரண்டு ஐம்பது என்று முணுமுணுத்தார். இரண்டரை டாலர் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார் அம்மையார். ரயிலில் பிரித்துப் பார்த்தால் 250 டாலருக்கான செக்! கொடுத்தவர் ஆடன் என்ற பெரிய கவிஞர். ஏழைகளின் வரிசையில் நின்றால் யார் யாரென்று தெரிவதில்லை, பாருங்கள்.

1960-இல் இன்னொன்று. சுரங்க ரயிலுக்காக நகராட்சி அவர்கள் வீட்டை எடுத்துக்கொண்டு 68,700 டாலர் கொடுத்தது. தாமதத்துக்காக வட்டியும் சேர்த்தது. உழைக்காமல் வந்த பணம் என்று அந்த வட்டி 3,579 டாலர் 39 சென்டையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் யூபிலி நிதிப் பொருளாளர் பயப்பட வேண்டாம். வங்கி வட்டி விஷயத்தில் நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அந்தப் பணத்தில் எத்தனை பேருக்குச் சூப்பு ஊற்றியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1980 நவம்பர் 29 அன்று டாரதி டே உயிர்விட்டது, வீடற்ற பெண்களோடு வாழ்ந்த மேரி இல்லத்தில். 2000-இல் திருச்சபை அவரை இறை ஊழியர் என அழைத்து, புனிதர் பட்டத்துக்கான அலுவலைத் தொடங்கியது.

இனி என் கதை. இந்தப் பங்குக்கு வந்த முதல் வருஷம், ஐப்பசி மழையில், இரவு பத்து மணிக்கு ஒரு கிழவர் கேட்டைத் தட்டினார். ஞாயிறு பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் வரச்சொல் என்று சமையற்காரரிடம் சொல்லிவிட்டேன். காலையில் அவர் வரவில்லை. மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தை அதன்பின் எத்தனையோ முறை பீடத்தில் வாசித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கேட்டுச் சத்தம் காதில் விழுகிறது.

ஆகவே கெபி ஓரத்துக் குடும்பங்களை ஆயர் வருகிற அன்று எங்கும் அனுப்பப்போவதில்லை. அசனத்தில் அவர்களுக்கும் முதல் பந்தியில் இலை விழும். அதோடு, பங்குவீட்டுப் பின்புறம் பழைய சப்பரச் சாமான் கிடக்கும் அறையை ஒழித்து, கூரையைச் சரிசெய்தால் ஆறு பேர் மழைக்கு ஒதுங்கலாம், கொத்தனாரிடம் கேட்டுவிட்டேன். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் வேலை தொடக்கம். சாவி உபதேசியாரிடம் இருக்கிறது. துடைப்பமும் மண்வெட்டியும் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள்.