வடை சுற்றி வந்த செக்ரோல்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு நாம் பேசப்போவது ஒரு வடைக் கடதாசியைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் டவுன் கடையொன்றில் நம்மவர் ஒருவர் வடை வாங்கினார். அதைச் சுற்றியிருந்த தாள் ஒரு தோட்டத்தின் பழைய செக்ரோல். பெயர், அடையாள அட்டை இலக்கம், ஈ.பி.எப். இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், முற்பணம் எவ்வளவு கழித்தார்கள் என்பது வரை எண்ணெய்க் கறைக்கு நடுவே அப்படியே வாசிக்க முடிந்தது. எந்தத் தோட்டம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஆபிஸைத் துப்புரவாக்கினார்கள், பழைய கடதாசியை நிறுத்து விற்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. நமக்குக் கவலையே அதுதான்.

"வெறும் ஐ.டி. நம்பர்தானே, அதை வைத்து என்ன செய்யப் போறாங்க?" என்று அன்றைக்குச் சிலர் கேட்டார்கள். அந்த நம்பரையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். புதிய அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும் அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 1985 பெப்ரவரி 2ஆம் திகதி பிறந்த அக்காவின் இலக்கம் 1985533 என்று தொடங்கும். ஆக, இலக்கம் தெரிந்தவனுக்கு நம் வயதும் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். கூடவே வங்கிக் கணக்கும் போன் நம்பரும் கிடைத்தால்? "அக்கா, பேங்கில இருந்து பேசுறோம். உங்க பிறந்த திகதி இதுதானே, கணக்கு நம்பர் இதுதானே? இப்ப போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க." இவ்வளவும் சரியாகச் சொல்கிறவனை யார்தான் நம்பமாட்டார்கள்? பென்ஷன் இல்லாத நமக்கு ஓய்வு பெறும்போது கையில் வருவதில் முக்கியமானது அந்த ஈ.பி.எப். காசு. அது கணக்கில் விழுந்த வாரத்தில் இப்படி ஒரு அழைப்பு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம்மைப் பற்றி எழுதிய தாள் அடுத்தவர் கையில் இருப்பது நம் சனத்துக்குப் புதிதல்ல. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம்தான் அவரை எடுத்துக்கொள்ளலாம். எழுதியிருந்த தொகை சரியா பிழையா என்று வாசித்துப் பார்க்க அவருக்கு வழியில்லை. அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்றைக்குத் துண்டு இல்லை, கொம்பியூட்டர் இருக்கிறது. அதில் நம் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இப்போது விரல் வைக்கும் மிஷினுக்கு வருவோம். ஒரு தோட்டத்தில் பிரட்டுக்களத்தில் அதைப் பூட்டினார்கள். இருபது வருஷம் கொழுந்து பறித்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? தேய்ந்துபோய், சாயம் ஏறி, வெடித்துக் கிடக்கிறது. ஒரு அக்கா ஐந்து தடவை வைத்தார், மிஷின் எடுக்கவில்லை. "போங்க, பிறகு எழுதிக்கலாம்" என்றார்கள். மாத முடிவில் மூன்று பேர் குறைந்திருந்தது. கங்காணியின் கொப்பியில் அந்த மூன்று நாளும் கொழுந்து நிறையோடு இருந்தபடியால்தான் வாதாடி வாங்க முடிந்தது. கொப்பி இல்லையென்றால் மிஷின் சொன்னதே சாட்சி.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாஸ்வேர்ட் களவு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. படமாக அல்ல, எண்களாகத்தான் சேமிக்கிறோம் என்பார்கள். உண்மையாகவே இருக்கட்டும். அந்த எண்கள் மிஷினுக்குள் மட்டும் இருக்கின்றனவா, மிஷின் விற்ற கம்பனிக்கும் போகின்றனவா? வேலையை விட்டுப் போனவரின் விரல் அழிக்கப்படுகிறதா? பழைய மிஷினும் அந்தச் செக்ரோல் போல நிறுத்து விற்கப்படுமா? இதைக் கேட்பது துரையோடு சண்டைக்குப் போவதல்ல. ஆபிஸ் ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால் அவர்களுக்கே பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள் இவை.

நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். விரல் ரேகை போன்றவற்றை அது விசேட வகையாக வைத்திருக்கிறது. நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும் உரிமை தருகிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கியமான பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. நம் விஷயத்தில் தள்ளிப்போவதென்ன புதினமா? அது முழுதாக வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. நிர்வாகத்தோடு பேசி எழுத்தில் வாங்கலாம்.

திருத்துவது என்றேனே, அதையும் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். அடையாள அட்டையில் ஒரு ஸ்பெல்லிங், செக்ரோலில் இன்னொன்று, பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது. ஆபிஸில் யாரோ அவசரத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். நம் பங்கு 8 வீதம், கம்பனி பங்கு 12 வீதம் என்று மாதாமாதம் போன காசு, ஐம்பத்தைந்து வயதில் கேட்கப் போகும்போது "இது நீங்கதானா?" என்று நிற்கிறது. சத்தியக் கடதாசி, தொழில் அலுவலகம், பஸ் காசு என்று அலைய வேண்டியவர் அந்த எழுத்தை விட்டவர் அல்ல. சம்பளச் சிட்டையையும் அடையாள அட்டையையும் இன்றிரவே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளை எல்லா லயத்திலும் இருக்கிறது.

ஐ.டி. கொப்பி கேட்டால் எதற்கென்று கேளுங்கள். கொடுக்கும் கொப்பியில் குறுக்கே 'ஈ.பி.எப். விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று எழுதித் திகதி போடுங்கள். பிறகு அதே கொப்பியை வைத்து வேறொன்றுக்குக் கையாள்வது கஷ்டம்.

நிர்வாகத்தை மட்டும் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. வீட்டுப் பட்டியலுக்கென்று நாமும்தான் கட்டுக்கட்டாக ஐ.டி. கொப்பி சேர்த்தோம். நம் காரியாலயத்து அலமாரிக்குப் பூட்டு உடைந்து எத்தனை நாள்? நிவாரணப் பட்டியலைப் போட்டோ பிடித்து, எல்லோருடைய இலக்கங்களோடும் வாட்ஸ்அப் குழுவில் போட்டது நாம்தான். நல்லெண்ணத்தில்தான் போட்டோம், கடதாசி விற்றவர்களைப் போல. போன சனிக்கிழமை அலமாரிக்குப் பூட்டு வாங்கினோம். தேவை முடிந்த கொப்பிகளை அடுப்பில் போட்டோம், இரண்டு கேத்தல் தேத்தண்ணி கொதித்தது.

நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதம் மேசையில் இருக்கிறது. விரல் எடுக்காத நாளில் கையெழுத்தும் கங்காணி கொப்பியும் செல்லும் என்று எழுதித் தர வேண்டும், பழைய தாள்களை விற்காமல் அழிக்க வேண்டும், நோட்டிஸ் பலகையில் இலக்கங்களைப் போடக்கூடாது, வருஷத்துக்கு ஒருமுறை அவரவர் பதிவை அவரவருக்குத் தமிழில் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெயரும் டிவிசனும் போதும். ஐ.டி. நம்பர் எழுதும் கட்டத்தை அதில் நாம் போடவில்லை.