மருதையாறும் இரயில் பாதையும்



அரியலூர்ப் பகுதியின் நிலப்படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். 1802-ஆம் ஆண்டில் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலையருகே நிலத்தை அளக்கத் தொடங்கினார். அவ்வளவையை அடிப்படையாகக் கொண்டே பிற்காலத்தில் நம் நாட்டின் நிலப்படங்கள் எழுந்தன. இந்திய நில அளவைத் துறையின் 58 எம்/4 என்னும் தாளில் அரியலூர் அடங்கியுள்ளது.

நம் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள கிராமப்படம் எந்தப் புலம் எங்கே உள்ளது என்று காட்டும். மேடு எது, பள்ளம் எது என்று காட்டாது. நிலப்படமோ ஏரி, ஓடை, ஆறு, வண்டிப்பாதை, இரயில் பாதை ஆகியவற்றுடன் சம உயரக் கோடுகளையும் காட்டுகிறது. கோடுகள் நெருங்கியிருப்பின் சரிவு மிகுதி. விலகியிருப்பின் நிலம் சமமானது.

விழுப்புரம்-திருச்சி இரயில் பாதையைப் படத்தில் பாருங்கள். தண்ணீர் மேற்கிலிருந்து சரிந்து வருகிறது. இரயில் கரை அதன் குறுக்கே நிற்கிறது. கரையிலுள்ள ஒவ்வொரு பாலமும் சிறுமதகும் தண்ணீருக்கு விடப்பட்ட வாசலாகும். அவ்வாசலை அலட்சியம் செய்தல் ஆகாது. 1956 நவம்பர் 23-ஆம் நாள் பெருமழையால் மருதையாற்றில் வெள்ளம் புரண்டது. அரியலூருக்கு அருகே ஆற்றுப்பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

இரயில்வே பாலம் நம் அதிகாரத்தில் இல்லை. ஆனால் அப்பாலத்திற்கு வரும் ஓடையும், அதிலிருந்து செல்லும் வாரியும் நம் ஊர் எல்லையில்தான் உள்ளன. அவற்றை மூடிப் பாதை போட்டாலோ, உழுது வயலாக்கினாலோ, தடைப்பட்ட வெள்ளம் மேலண்டையிலுள்ள பயிரை அழுகச் செய்யும்.

சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் மிகப் பழைய படங்களில் இரா. எனவே பழைய தாளையும் புதிய தாளையும் ஒப்பிட்டால், எந்த ஓடை எங்கே அறுபட்டது என்பது விளங்கும்.

படமே போதும் என்று நாம் கூறவில்லை. இன்றைய தாளில் இரு கோடுகளுக்கிடையே பொதுவாக 20 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. ஒரு வாய்க்காலின் வாட்டத்தை அது காட்டாது. அதற்கு மட்டக்கருவி வேண்டும். முதியோரின் நினைவும் வேண்டும்.

ஆதலால், பாதைக்கோ மதகுக்கோ தீர்மானம் நிறைவேற்றுமுன், கிராமப்படத்தையும் நிலப்படத்தையும் சபையின் முன் விரித்து வையுங்கள். மழை நாளில் உறுப்பினர்கள் ஓடைவழியே ஒருமுறை நடந்து வாருங்கள். கண்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த வெள்ளத்தில் ஊரையும் பயிரையும் காக்கும் பணி அன்றே தொடங்கிவிடும்.